சமையலறை எந்த மாடியில்? பழைய லண்டன் டவுன்ஹவுஸும் இன்றைய குடும்பமும்

லண்டனில் பழைய டவுன்ஹவுஸ் ஒன்று வாங்கியிருக்கிறோம் என்று சொன்னதும், கேட்டவர்கள் எல்லாரும் திருப்பிக் கேட்டது ஒன்றுதான்: "எந்தச் சுவரை இடிக்கப் போறீங்க?" நாங்களும் ஆறு மாதம் சுவரைப் பற்றியே பேசிக்கொண்டிருந்தோம். வரைபடம் மூன்று தடவை மாறியது. மூன்றிலும் சமையலறை வேறு வேறு தளத்தில் இருந்ததை யாரும் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை. பிறகுதான் உறைத்தது. ஒல்லியாக உயர்ந்து நிற்கும் இந்த மாதிரி வீட்டில் அடுப்பு எங்கே என்று முடிவானால், பாதிச் சுவர்களின் கதை தானாக முடிந்துவிடும். அதை விட்டுவிட்டுச் சுவரில் ஆரம்பித்தால் பணமும் போகும், கால்வலியும் மிஞ்சும்.

அதனால் இங்கே முதலில் சமையலறை, அப்புறம் சுவர், அப்புறம் ஜன்னல். மற்றதெல்லாம் போகிற போக்கில்.

எங்கள் வீடு 1870-களில் கட்டியது. இரண்டு பக்கமும் அடுத்த வீட்டோடு ஒட்டிய சுவர். அகலம் 5 மீட்டருக்குக் கொஞ்சம் கூட. பேஸ்மென்டையும் சேர்த்து நான்கு தளம். ஒவ்வொரு தளத்திலும் தெருவைப் பார்த்து ஒரு அறை, தோட்டத்தைப் பார்த்து ஒரு அறை, ஓரமாகப் படிக்கட்டு. அவ்வளவுதான். அதற்கு நூறு வருடம் முந்திய ஜார்ஜியன் வீடுகளும் ஏறக்குறைய இதே அச்சுதான். 1774-ல் வந்த லண்டன் கட்டடச் சட்டம் வீடுகளை மதிப்பையும் பரப்பையும் வைத்து நான்கு தரமாகப் பிரித்தது. கட்டியவர்கள் அந்தந்தத் தரத்துக்கு ஒரே வரைபடத்தைத் திரும்பத் திரும்பப் போட்டார்கள். ஆகவே இங்கே சொல்வது லண்டனின் இஸ்லிங்டனுக்கும் கென்னிங்டனுக்கும் பொருந்தும். பாத், பிரிஸ்டல் பக்கத்து வீடுகளுக்கும் பெரும்பாலும் பொருந்தும்.

இந்த அச்சு வேலைக்காரர்களை நம்பிப் போட்டது. பேஸ்மென்டில் சமையல். நடைபாதையில் இருக்கும் வட்டமான ஓட்டை வழியாக நிலக்கரி அடியில் உள்ள கிடங்கில் விழும். தரைத்தளத்தில் சாப்பாட்டு அறை. முதல் மாடியில் விருந்தாளிகளை உட்காரவைக்கும் பெரிய அறை. வீட்டிலேயே உயரமான கூரை அதற்குத்தான். அதற்கு மேலே படுக்கையறைகள், உச்சியில் குழந்தைகளும் வேலைக்காரர்களும். தெருவில் நின்று ஜன்னல்களைப் பார்த்தாலே இது தெரியும். முதல் மாடியில் ஆள் உயரத்துக்கும் மேலே நீளும் ஜன்னல், மேலே போகப் போகக் குட்டையாகும். வெந்நீர், கரி, சாப்பாட்டுத் தட்டு எல்லாம் யாரோ ஒருவர் கையில் ஏறின. சாம்பலும் எச்சில் தட்டும் அதே கையில் இறங்கின. அந்த யாரோ ஒருவர் இப்போது நாம்தான்.

அடுப்புக்கு மூன்று இடம்

முதல் வாய்ப்பு, அடுப்பு பிறந்த இடமான பேஸ்மென்ட். பல வீடுகளில் பின்பக்கத் தோட்டம் பேஸ்மென்ட் மட்டத்தில்தான் இருக்கும். பெரிய கண்ணாடிக் கதவு வைத்துவிட்டால் குழந்தைகள் நேரே புல்லுக்கு ஓடலாம். சமைத்துக்கொண்டே அவர்கள் மேல் ஒரு கண் வைக்கலாம். முன்னறை, பின்னறை இரண்டையும் சேர்த்தால் கிடைக்கும் நீளம் வேறு எந்தத் தளத்திலும் இவ்வளவு சுலபமாகக் கிடைக்காது. காரணம், இங்கே அலங்காரப் பூச்சு வேலை ஏதும் இல்லை. வேலைக்காரர்கள் இருந்த இடத்துக்கு யார் கூரையில் பூ வரைந்தார்கள்? இடித்தாலும் இழக்கப் பெரிதாக எதுவும் இல்லை.

ஆனால் மூன்று விஷயத்தைக் கையில் டேப் வைத்துக்கொண்டு பார்க்க வேண்டும். கூரை உயரம் முதலாவது. எங்கள் பேஸ்மென்டில் 2.1 மீட்டர், என் கணவர் கையைத் தூக்கினால் முட்டும். தரையைத் தோண்டி இறக்கலாம் என்று சொல்வார்கள். இறக்கலாம்தான். ஆனால் அப்போது அஸ்திவாரத்துக்கு அடியில் பகுதி பகுதியாக கான்கிரீட் கொடுக்க வேண்டும், பக்கத்து வீட்டுக்கு முறைப்படி நோட்டீஸ் கொடுக்க வேண்டும், செலவு சமையலறைச் செலவைத் தாண்டி எங்கேயோ போய்விடும்.

இரண்டாவது ஈரம். மண்ணுக்குள் இருக்கும் பழைய செங்கல் சுவர் எப்போதும் கொஞ்சம் ஈரமாகத்தான் இருக்கும். அதைச் சிமென்ட் பூசி அடைப்பது ஒரு வழி. ஆனால் தண்ணீர் போக வழி தேடும். அடைத்த இடத்தில் வராமல் அதற்கு மேலே வரும். இன்னொரு வழி, முட்டை அட்டை போலக் குமிழ் வைத்த பிளாஸ்டிக் ஷீட்டைச் சுவரில் அடித்து, அதன் பின்னால் கசியும் தண்ணீரைக் குழி ஒன்றில் சேர்த்து பம்ப் வைத்து வெளியேற்றுவது. இது தண்ணீரோடு சண்டை போடாத முறை. ஆனால் பம்ப் கெட்டுப்போனால் நாம் சண்டை போட வேண்டியிருக்கும். ஈரம் லேசாக இருந்தால் பழைய சிமென்டைச் சுரண்டிவிட்டுச் சுண்ணாம்புப் பூச்சும் நல்ல காற்றோட்டமும் கொடுத்தாலே போதும். நான் பார்த்த வீடுகளில் இதைத்தான் கடைசியில் செய்து பார்க்கிறார்கள், முதலில் செய்திருக்கலாம்.

மூன்றாவது, தெருக்கதவு. கடையிலிருந்து ஆறு பையோடு வந்தால் கதவு தரைத்தளத்தில், பிரிட்ஜ் கீழே. மேலே படிக்கும் பையனுக்கும் கீழே சமைக்கும் அம்மாவுக்கும் நடுவே இரண்டு மூன்று தளம். குடும்பம் முழுக்கக் கீழேயே கிடக்கும். மேலே உள்ள அழகான அறைகள் பூட்டிய கோயில் மாதிரி ஆகிவிடும்.

இரண்டாவது வாய்ப்பு, தரைத்தளத்தின் பின்னறை. பையை இறக்கிவைக்கவும், கதவு தட்டினால் போய்த் திறக்கவும், மேலே கீழே இரண்டு பக்கமும் குரல் கொடுக்கவும் வசதி. வீட்டின் நடு அதுதான். குறை என்னவென்றால், அறை சின்னது. எங்களுடையது 4 மீட்டருக்கு மூன்றரை. தோட்டத்துக்கு ஒரு இரும்புப் படி வைத்து இறங்க வேண்டும். முன்னறையோடு சேர்த்தால்தான் சாப்பாட்டு மேசைக்கு இடம் வரும். அப்படிச் சேர்க்கும்போதுதான் சுவர்ப் பிரச்சினை தொடங்குகிறது.

மூன்றாவது வாய்ப்பு, முதல் மாடியின் பெரிய அறை. வெளிச்சம் கொட்டும். படம் எடுத்தால் பத்திரிகை அட்டை போல இருக்கும். குழந்தை இல்லாத இணையருக்கு இதைவிடச் சுகம் இல்லை. எங்களுக்கோ தினமும் பை ஏறும், குப்பை இறங்கும், சைக்கிள் ஹெல்மெட் சமையல் மேடையில் கிடக்கும். தண்ணீர்க் குழாய், கழிவுக் குழாய், புகைபோக்கிக் குழாய் எல்லாவற்றையும் வீட்டின் மிக அழகான கூரைப் பூச்சு வழியாகக் கொண்டுபோக வேண்டும். வீடு பாதுகாக்கப்பட்ட கட்டடமாக இருந்தால், பழைய கட்டடங்களைக் காக்கும் கவுன்சில் அதிகாரி (பாதுகாப்பு அதிகாரி என்பது இவரைத்தான்) மிகவும் உறுதியாகத் தலையாட்டி மறுக்கும் இடமும் அதுதான். ஏனென்றால் அது வீட்டின் முதன்மை அறை.

நாங்கள் முடிவெடுத்தது ஒரு தாளை வைத்து. படிக்கட்டுத் திருப்பத்தில் ஒரு வெள்ளைத் தாளும் பென்சிலும் ஒட்டிவைத்தோம். யார் ஏறினாலும் இறங்கினாலும் ஒரு கோடு. பேஸ்மென்டுக்கு 14 படி, முதல் மாடிக்கு 17, அதற்கு மேல் 16. ஒரு வாரம். சின்னவள் விளையாட்டாக நிறையக் கோடு போட்டதைக் கழித்துவிட்டுப் பார்த்தாலும், கோடுகள் எல்லாம் தெருக்கதவு, சமையல், கழிப்பறை இந்த மூன்றுக்கும் நடுவிலேயே மொய்த்திருந்தன. தற்காலிகச் சமையல் அப்போது பேஸ்மென்டில். அந்த வாரம்தான் என் அம்மா ஆறு மாத விசாவில் வந்து இறங்கியிருந்தார். மூன்றாம் நாள் காலை படிக்கட்டின் பாதியில் உட்கார்ந்துகொண்டு, முழங்காலைப் பிடித்தபடி, "ஏண்டி, ஒரு காப்பிக்கு இத்தனை படியா?" என்றார். தாளில் அதற்குக் கோடு இல்லை. ஆனால் அது போதுமாக இருந்தது.

தரைத்தளம் என்று முடிவு செய்தோம். இன்னொன்றையும் அந்தத் தாள் சொல்லிக்கொடுத்தது: மாடிப்படிக்கு அடியில் ஒரு குட்டிக் கழிப்பறை. அந்த வீட்டில் செய்த செலவுகளிலேயே பைசாவுக்குப் பைசா மதிப்புள்ள செலவு அதுதான்.

உங்கள் பேஸ்மென்ட் 2.4 மீட்டர் உயரமும், தோட்டத்துக்கு நேர் வாசலும், தெற்குப் பார்த்த வெளிச்சமும் கொண்டதாக இருந்து, குழந்தைகளும் சின்னவர்களாக இருந்தால் நான் கண்ணை மூடிக்கொண்டு பேஸ்மென்டைத்தான் சொல்வேன். ஆனால் அப்போதும் தெருக்கதவுக்குப் பக்கத்தில் பையை வைக்க ஒரு மேடையும் கெட்டிலுக்கு ஒரு மூலையும் ஒதுக்கிவிடுங்கள்.

சுவர்: முழுசாக, பாதியாக, தொடாமல்

தரைத்தளத்தில் முன்னறைக்கும் பின்னறைக்கும் நடுவே ஒரு சுவர். அதை முழுசாக எடுத்துவிட்டு இரும்பு உத்திரம் வைப்பதைத்தான் எல்லா பில்டரும் முதலில் சொல்வார்கள். எங்கள் பில்டரும் சுவரில் விரலை மடக்கித் தட்டிப் பார்த்து, வெறும் பார்டிஷன் சுவர், ஒரு நாளில் எடுத்துவிடலாம் என்றார். தட்டினால் உள்ளே பொள்ளென்றுதான் சத்தம் வந்தது. நல்லவேளை, ஸ்ட்ரக்சுரல் இன்ஜினியர் ஒரு சதுர அடிக்குத் திறந்து பார்க்கச் சொன்னார்.

திறந்த இடத்தில் மெல்லிய மரச்சட்டங்கள் தட்டி மாதிரி வரிசையாக அடித்திருந்தன. அதன் மேல் இரண்டு விரல் கனத்துக்குச் சுண்ணாம்புப் பூச்சு. உதிர்ந்த ஒரு துண்டை விரலால் நசுக்கினேன். செம்பட்டை நிறத்தில் நூல் நூலாக முடி வந்தது. பூச்சு வெடிக்காமல் பிடித்துக்கொள்ள மாட்டு முடியையோ குதிரை முடியையோ கலந்து பூசுவது அந்தக் காலத்து வழக்கம். நூற்றைம்பது வருடத்துக்கு முந்திய ஒரு மாட்டின் முடி என் கையில். டார்ச் அடித்துப் பார்த்தபோது அதற்குப் பின்னால் ஒரு தடித்த கட்டை, நிமிர்ந்து நிற்காமல் சாய்வாகப் போனது. அங்கேதான் விஷயம். சாய்வுக் கட்டை இருந்தால் அந்தச் சுவர் வெறும் தடுப்பு இல்லை. மேலே உள்ள தளங்களையும் சுவர்களையும் தாங்கும் மரச் சட்டகம். தட்டிப் பார்த்தால் பொள்ளல், ஆனால் பாரம் முழுக்க அதன் தலையில். இதைத் தெரியாமல் எடுத்த வீடுகளில்தான் இரண்டாம் மாடிக் கதவு திடீரென்று மூடாமல் போகிறது.

எடுக்க முடியாது என்று இல்லை. உத்திரத்தை இரு பக்கத்துப் பொதுச் சுவரில் ஏற்றினால் முடியும். ஆனால் பொதுச் சுவர் என்றால் 1996-ஆம் வருடத்துப் பார்ட்டி வால் சட்டம் வந்துவிடும். வேலை தொடங்குவதற்கு இரண்டு மாதம் முன்பே இரு பக்கத்து வீட்டாருக்கும் எழுத்தில் நோட்டீஸ் கொடுக்க வேண்டும். அவர்கள் 14 நாளில் பதில் சொல்லாவிட்டால் சம்மதம் என்று அர்த்தம் இல்லை, தகராறு என்று அர்த்தம். பிறகு அந்தத் தகராறைத் தீர்க்கச் சர்வேயர்கள் வருவார்கள், செலவு பெரும்பாலும் வேலை செய்பவர் தலையில். எங்கள் இடப்பக்கத்து வீட்டுப் பெரியவர் பதிலே போடவில்லை. கோபம் எல்லாம் இல்லை, கடிதத்தை எங்கோ வைத்துவிட்டார். ஒரு தட்டில் கேக்கோடு முன்னாலேயே போய்ப் பேசியிருந்தால் ஒரு சர்வேயர் பில் மிச்சமாகியிருக்கும்.

இதெல்லாம் முடிந்து சுவர் போனால் என்ன கிடைக்கும்? முன் ஜன்னலிலிருந்து பின் ஜன்னல் வரை ஒரே நீளம். நுழைந்ததும் வீடு பெரிதாகத் தெரியும். ஆனால் மூன்று விஷயம் சேர்ந்தே வரும். ஒன்று, தாளித்தால் கடுகும் மிளகாயும் முன்னறை சோபாவில் குடியேறும். எந்த எக்ஸ்ட்ராக்டரும் அதை முழுசாக இழுத்துவிடாது. இரண்டு, ஒருவர் டிவி பார்க்க, ஒருத்தி கணக்குப் போட, நான் மிக்சி ஓட்ட, எல்லாம் ஒரே அறையில். மூன்று, அலமாரியும் சோபாவும் சாய்ந்து நிற்கச் சுவரே இருக்காது. இந்த வீட்டில் ஏற்கெனவே பக்கச் சுவர் ஒன்றில் கணப்பு, மறுபக்கம் கதவு.

படிக்கட்டையும் சேர்த்துத் திறந்துவிடலாம் என்று சிலர் போவார்கள். அங்கே நிறுத்திக்கொள்ளுங்கள். தரையிலிருந்து 4.5 மீட்டருக்கு மேல் ஒரு தளம் இருக்கும் வீட்டில், மேலே தூங்குகிறவர்கள் தீ பிடித்தால் இறங்கி ஓட அந்தப் படிக்கட்டுதான் வழி. புது வீடு என்றால் அதைச் சுற்றி 30 நிமிடம் தீயைத் தாங்கும் சுவரும் கதவும் வேண்டும் என்பது விதி. பழைய வீட்டை அப்படியே வைத்துக்கொண்டால் கேட்க மாட்டார்கள். ஆனால் நீங்கள் செய்யும் வேலை இருக்கிற பாதுகாப்பைக் குறைக்கக் கூடாது. திறக்கத்தான் வேண்டும் என்றால் தீ பிடித்தால் தண்ணீர் தெளிக்கும் ஸ்பிரிங்க்ளர் மாதிரி ஏதாவது வைத்துக் கட்டட ஆய்வாளரைச் சம்மதிக்கவைக்க வேண்டும். நான்கு தள வீட்டின் உச்சியில் குழந்தைகளைத் தூங்கவைத்துவிட்டுப் படிக்கட்டுக்குக் கீழே அடுப்பைத் திறந்துவைக்க எனக்கு மனசு வரவில்லை.

சுவரைத் தொடாமலே விடுவது இன்னொரு கோடி. செலவு குறைவு, அறைக்கு அறை கதவு மூடிக் கதகதப்பாக இருக்கலாம். ஆனால் மூன்றரை மீட்டர் அறையில் சமையலும் சாப்பாடும் ஆறு பேருக்கு நடக்காது.

நாங்கள் நடுவில் போனோம். சுவரின் இரு ஓரத்திலும் கொஞ்சம் சுவரை விட்டு, மேலேயும் கூரைக்குக் கீழே ஒரு பட்டை விட்டு, நடுவில் 2 மீட்டர் அகலத்துக்குத் திறந்து, அதில் மடக்குக் கதவு போட்டோம். இப்படி விட்டதால் இரண்டு அறைகளின் கூரை ஓர அலங்காரப் பூச்சும் உடையாமல் தனித்தனியாகவே சுற்றி வருகிறது. இரண்டு அறையாகவும் தெரிகிறது, ஒன்றாகவும் இருக்கிறது. பாதுகாப்பு அதிகாரிகள் ஒத்துக்கொள்ள வாய்ப்புள்ள வடிவமும் இதுதான். பெரிய புதுமை என்று நினைத்துக்கொண்டு செய்தோம். வண்ணத்தைச் சுரண்டியபோது தெரிந்தது, பழைய கதவு நிலையின் தடம் அதே இடத்தில் இருந்தது. முன்னறைக்கும் பின்னறைக்கும் நடுவே மடக்குக் கதவு வைப்பது அந்தக் காலத்து வீடுகளில் சாதாரணம். விருந்து நாளில் திறப்பார்கள், மற்ற நாளில் மூடுவார்கள். நடுவில் யாரோ அடைத்திருக்கிறார்கள். தாளிக்கும்போது நாங்களும் மூடுகிறோம்.

வீட்டின் நடுப்பகுதி இருட்டாக இருக்கிறது, அதற்காகத்தான் சுவரை எடுக்கிறோம் என்பவர்கள் முதலில் லண்டன் லிங்கன்ஸ் இன் ஃபீல்ட்ஸில் உள்ள சர் ஜான் சோன் மியூசியத்துக்கு ஒரு தடவை போய்வாருங்கள், அனுமதி இலவசம். சோன் கட்டடக்கலைஞர், அவர் குடியிருந்த வீடு அது. 1833-ல் நாடாளுமன்றத்தில் தனிச் சட்டமே வாங்கி வீட்டை அப்படியே வைக்க ஏற்பாடு செய்தவர். 13-ஆம் எண் வீட்டின் காலை உணவு அறை கட்டடத்தின் நடுவில் இருக்கிறது. அதற்குத் தாழ்வான குடைக் கூரை. கூரையின் ஓரத்துக்கு அப்பால், உட்கார்ந்தால் நேராகத் தெரியாத இடத்தில் மேல்ஜன்னல் வைத்திருப்பார். அதிலிருந்து வெளிச்சம் சுவர் வழியாக வழிந்து இறங்கும். மூலைகளில் குவிகண்ணாடிகள் அதை அள்ளித் தெளிக்கும். ஒரு சுவரும் இடிக்காமல் எவ்வளவு வெளிச்சம் கொண்டுவரலாம் என்று அங்கே நின்றால் தெரியும். நாங்கள் செய்தது சின்ன வேலைதான்: நடைக்கும் பின்னறைக்கும் நடுவே கதவுக்கு மேல் கண்ணாடி, எதிர்ச்சுவரில் ஒரு பெரிய நிலைக்கண்ணாடி. அந்தக் கதவுக் கண்ணாடி படிக்கட்டை ஒட்டியது என்பதால் தீ தாங்கும் வகையாக இருக்க வேண்டும். சாதாரணக் கண்ணாடி போட்டுவிட்டுத் திரும்பக் கழற்ற வேண்டாம்.

முதலில் பட்டியலைப் பாருங்கள்

இதுவரை சொன்னதில் எது முடியும், எது முடியாது என்பதை ஒரு வரி மாற்றிவிடும்: உங்கள் வீடு லிஸ்டட் கட்டடமா, அதாவது சட்டப்படி பாதுகாக்க வேண்டிய பழைய கட்டடங்களின் பட்டியலில் இருக்கிறதா? இங்கிலாந்து முழுவதற்கும் பட்டியல் இணையத்தில் இருக்கிறது, பார்க்கக் காசு கிடையாது. 1700-க்கும் 1850-க்கும் நடுவே கட்டி ஓரளவு மாறாமல் நிற்கும் வீடுகளில் பெரும்பாலானவை பட்டியலில் இருக்கும். அதற்குப் பிந்திய விக்டோரியா காலத்து வீடுகள் தேர்ந்தெடுத்துத்தான். பட்டியலில் இருப்பவற்றில் பத்தில் ஒன்பதுக்கு மேல், மூன்று தரங்களில் கடைசியான கிரேடு 2. "கிரேடு 2 என்றால் முகப்பு மட்டும்தான்" என்று சொல்பவர்களை நம்பாதீர்கள். உள்ளே இருக்கும் படிக்கட்டு, கணப்பு, கதவு, பூச்சு எல்லாம் சேர்த்தி. அனுமதி இல்லாமல் மாற்றினால் அது குற்றம், வெறும் அபராதக் கடிதம் இல்லை.

என் தோழி ஒருத்தி கிரேடு 2 வீடு வாங்கினாள். அவள் வாங்குவதற்கு முன்பே யாரோ ஒரு சுவரையும் இரண்டு கணப்பையும் எடுத்திருக்கிறார்கள். அவள் வேறு ஏதோ வேலைக்கு விண்ணப்பம் போட, வந்த அதிகாரி பழைய வரைபடத்தையும் வீட்டையும் மாறி மாறிப் பார்த்தார். செய்தவர் போய்விட்டார், சரிசெய்யும் பொறுப்பு வீட்டோடு சேர்ந்து அவளிடம் வந்துவிட்டது. இதற்குக் காலக்கெடுவும் கிடையாது. வாங்குவதற்கு முன் வக்கீலிடம் கேட்க வேண்டிய கேள்வி இதுதான்.

விண்ணப்பத்துக்குக் கட்டணம் இல்லை, முடிவுக்கு எட்டு வாரம் என்று கணக்கு. எங்கள் வீடு பட்டியலில் இல்லை, பழைய தெருக்களின் தோற்றத்தைக் காக்கும் பாதுகாப்புப் பகுதிக்குள் மட்டும் இருக்கிறது. அதனால் உள்ளே மாற்ற இந்த அனுமதி வேண்டாம், வெளிப்பக்கத்தை, முக்கியமாகத் தெருப்பக்கத்தை, கவுன்சில் பார்க்கும்.

ஜன்னலும் குளிரும்

தெருப்பக்கம் என்றால் ஜன்னல்தான். மேலும் கீழும் வழுக்கும் பழைய மரச் சாஷ் ஜன்னல், ஒற்றைக் கண்ணாடி, ஜனவரியில் திரைச்சீலை தானாக ஆடும். முழுசாக எடுத்துவிட்டு இரட்டைக் கண்ணாடி போடுவது, மெல்லிய இரட்டைக் கண்ணாடியைப் பழைய சட்டத்திலேயே பொருத்துவது, பழையதை ரிப்பேர் செய்து உள்பக்கம் இன்னொரு கண்ணாடிச் சட்டம் வைப்பது என்று மூன்று வழி.

நான் மூன்றாவதன் ஆள். பழைய ஜன்னலின் மரம் மெதுவாக வளர்ந்த கெட்டியான மரம். இன்று கடையில் கிடைப்பதோடு ஒப்பிட முடியாது. அழுகிய அடிக்கட்டையை மட்டும் வெட்டிப் புதுத்துண்டு ஒட்டி, கயிற்றை மாற்றி, ஓரத்தில் பிரஷ் பட்டை வைத்தால் காற்று நின்றுவிடும். உள்பக்கச் சட்டம் சேர்த்தால் ஜன்னல் வழியாகப் போகும் வெப்பம் பாதிக்கு மேல் குறையும். சத்தத்துக்கோ இதுதான் ராஜா: இரண்டு கண்ணாடிக்கும் நடுவே 10 சென்டிமீட்டருக்கு மேல் இடைவெளி இருந்தால், சாதாரண இரட்டைக் கண்ணாடியைவிட பஸ் சத்தம் நன்றாக அடங்கும். குறையும் உண்டு. சுத்தம் செய்ய நான்கு பக்கம் துடைக்க வேண்டும், பழைய மரக் கதவுகள் உள்ளே மடங்கும் ஜன்னல் என்றால் சட்டம் வைக்க இடம் தேட வேண்டும்.

சுவர் விஷயத்தில் அவசரப்பட வேண்டாம். இது ஒன்பது அங்குலக் கெட்டிச் செங்கல் சுவர், நடுவில் இடைவெளி இல்லாதது. மழை நனைந்தால் உறிஞ்சும், வெயிலில் காயும். உள்பக்கம் ஃபோம் போர்டு ஒட்டிவிட்டால் சுவர் குளிர்ந்தே கிடக்கும், ஈரம் உள்ளே மாட்டிக்கொள்ளும், சுவருக்குள் செருகியிருக்கும் தரைக் கட்டைகளின் முனை சத்தமில்லாமல் அழுகும். வெளியே சிமென்ட் பூசுவதும் அதே கதை. மரநார்ப் பலகையும் சுண்ணாம்புப் பூச்சும் ஈரத்தை உள்ளே வாங்கி வெளியே விடும். அறையில் எட்டுப் பத்து சென்டிமீட்டர் போகும், கூரை ஓரப் பூச்சும் போகும். ஆகவே அழகான முன்னறைகளை விட்டுவிட்டுப் பின்பக்கத்து அறைகளிலும் பேஸ்மென்டிலும் மட்டும் செய்தோம். உச்சி அறைக் கூரைக்கு மேலே பரணில் வெப்பத்தைத் தடுக்கும் பஞ்சு அடிப்பதும் தரைப்பலகை இடுக்கை அடைப்பதும் மலிவு, பலனும் உடனே தெரியும். அதை முதலில் செய்யுங்கள்.

குளியலறைக்கு ஒரே வரி: ஒன்றின் மேல் ஒன்றாக வையுங்கள். பின்பக்கம் நீட்டிக்கொண்டிருக்கும் சின்னப் பகுதி, படிக்கட்டின் பாதித் திருப்பத்தில் கதவு திறக்கும் இடம், அதற்கென்றே பிறந்தது. முன்னறையைக் கூறு போட்டுக் குளியலறை செய்தால் கூரைப் பூச்சு நடுவில் வெட்டுப்பட்டு நிற்கும், பார்க்கும்போதெல்லாம் உறுத்தும். கணப்பின் செங்கல் மேட்டை எடுத்து இடம் பிடிக்கலாம் என்ற யோசனையும் வரும். மேலே உள்ள புகைபோக்கிக்குத் தாங்கல் கொடுக்க வேண்டும், பொதுச் சுவருக்கு நோட்டீஸ் வேண்டும், கிடைப்பது ஒரு அலமாரி ஆழம். இரு பக்கத்துக் குழிவிலும் அலமாரி அடித்தாலே அந்த இடம் வந்துவிடும்.

பணக் கணக்கில் ஒன்று மட்டும். பில்டர் சொல்லும் தொகையில் 20 சதவீத வாட் வரி சேர்ந்திருக்கிறதா என்று கேளுங்கள். லிஸ்டட் வீட்டில் அனுமதி வாங்கிச் செய்யும் மாற்றங்களுக்கு வாட் இல்லை என்று இன்னும் சிலர் சொல்கிறார்கள். அந்தச் சலுகை 2012 அக்டோபரோடு போய்விட்டது. இரண்டு வருடம் யாரும் குடியிருக்காத வீடு என்றால் 5 சதவீதம். கூரைப் பஞ்சு, காற்று அடைப்பு மாதிரி எரிசக்தி மிச்சப்படுத்தும் வேலைகளுக்கு 2027 மார்ச் 31 வரை வாட் கிடையாது, ஆனால் பொருளை நீங்களே வாங்கி நீங்களே போட்டால் அது பொருந்தாது. ஜன்னல் மாற்றுவது இந்தப் பட்டியலில் சேராது.

எங்கள் வீட்டில் முதல் மாடி முன்னறையை இன்னும் தொடவில்லை. தரைப்பலகையைத் தேய்த்து மெழுகு போட்டதோடு சரி. சாப்பாடு, படிப்பு, சண்டை எல்லாம் கீழே நடக்கிறது. பெரியவன் பரீட்சைக்கு அங்கே போய்ப் படிக்கிறான். அம்மா இந்தத் தடவை வந்தபோது ஞாயிற்றுக்கிழமை மட்டும் 17 படி ஏறி அந்த ஜன்னல் ஓரத்தில் உட்கார்ந்தார். காப்பியை நான் கொண்டுபோய்க் கொடுத்தேன்.